பாங்கிப் பட்டியலும் வக்கீல்களும்

பொத்தேரியிலும் அதையடுத்த கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் முதலிய இடங்களிலும் ஏர் ஓடிய நிலங்களில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அங்கே ஒரு சம்பளக்காரர் வீடு வாங்கப் பாங்கியில் கடன் கேட்டால், பாங்கியானது பத்திரங்களைத் தன் பட்டியலிலுள்ள வக்கீலுக்கே அனுப்பும். அவர் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவைகளைப் பார்த்து, பாத்தியதை சரி என்று எழுதினால்தான் பணம் வரும். ஆகவே அப்பட்டியலில் பெயர் இருப்பது வக்கீலுக்கும் வக்கீல் கம்பெனிக்கும் நிலையான வரும்படியாகும்.

பெயர் அடிபட்டவர்கள் திரும்ப நுழையக் கையாளும் வழி என்ன? புது மானேஜருக்கு மாலையும் பழத்தட்டும். வட்டார ஆபீசில் 'நம்மவர்' யார் என்ற விசாரணை. ஒரு சிபாரிசுக் கடிதம். இதுவும் பலிக்காவிட்டால் சனீசுவரனுக்கு எள் விளக்கு! கோர்ட்டில் எதிர்ச் சாட்சியைத் திணற அடிக்கும் கனவான்கள், "என் பெயரை ஏன் எடுத்தீர்கள்?" என்று ஒரு வரி எழுதிக் கேட்க ஏன் அஞ்ச வேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை.

கேட்பதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. மோசடிக்கு உடந்தையான வக்கீல், மதிப்பீட்டாளர் முதலியோரைப் பற்றி இந்தியப் பாங்கிகள் சங்கத்துக்கு எழுதி, எச்சரிக்கைப் பட்டியலில் ஏற்றும்படி 2009-ல் ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டபோதே, முதலில் அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும் என்றது. 2024 ஜூலையில் வந்த விதிகள், மோசடிக் குற்றச்சாட்டுக்கு ஆளானவருக்குப் பதில் சொல்ல 21 நாளுக்குக் குறையாத தவணை கொடுக்கின்றன. ஐதராபாத்தில் வீட்டுக்கடனுக்கு அபிப்பிராயம் எழுதிய பட்டியல் வக்கீல் நாராயணராவ் மீதான வழக்கில், மோசடிக்காரரோடு கூடிச் செய்ததற்கு ருஜு இல்லாமல், அபிப்பிராயம் பிசகிற்று என்பதற்காக மட்டும் வக்கீலைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

தனக்கு வேண்டிய வக்கீலை அமர்த்திக்கொள்ளப் பாங்கிக்கு உரிமையில்லையா என்பார்கள். உண்டு. ஆனால் ஊரார் பணத்தில் நடக்கும் பாங்கி, காரணம் சொல்லாமல் ஒருவர் பிழைப்பில் கை வைப்பது எந்த நியாயம்?

குமாஸ்தா கொண்டுவந்த நகலைப் புரட்டாமலே கையெழுத்துப் போட்டவருக்காக நாம் பரிந்து பேசவில்லை. அப்படிப்பட்டவர் சார்பதிவாளர் ஆபீசில் தாமே நேரில் தேடிப் பார்த்து, பழைய அபிப்பிராயங்களைத் திருத்திக் காட்டிவிட்டு மனுப் போடட்டும். நமது கவலை வேறு ரகத்தாரைப் பற்றியது. செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்கீர் 1891-ல் எழுதிய அறிக்கையின் பேரில், 1892-ல் சர்க்கார் தாழ்த்தப்பட்டவருக்கு நிலம் ஒதுக்கிற்று. அதுவே பஞ்சமி நிலம். பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இந்த ஜில்லாவிலே மனைப்பத்திரம் பார்க்கிற வக்கீல், முப்பது வருஷ வில்லங்கத்தோடு நிற்காமல் பழைய ரெவினியூக் கணக்கையும் பார்த்து, "இது பஞ்சமி நிலம், கடன் கொடுக்காதே" என்று எழுதினால் பாங்கியின் பணமும் தப்பும். ஏழையின் நிலமும் தப்பும். ஆனால் கட்டடக் கம்பெனிக்காரருக்கு அவர் வேண்டாதவர். கடன் கணக்கு ஏறவேண்டிய மானேஜருக்கும் இடைஞ்சல். அடுத்த பட்டியலில் அவர் பெயர் இராது!

பாங்கிகளின் வட்டார ஆபீசுகள் சேர்க்கும் விதிகளையும், இன்று பட்டியலில் இருப்போர் பெயர்களையும் வெளியிடட்டும். நீக்கப்பட்டவருக்குக் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். செங்கல்பட்டு வக்கீல் சங்கங்கள் இதற்கு ஒரு தீர்மானமாவது போடுமா?