ஸ்கோர் என்னாச்சு?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மாலை, என் சித்தி மகள் ஒரு புள்ளியில் தோற்றாள். கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டம். 47–48. இந்த எண்ணை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் வேறு எங்கேயும் யாரும் எழுதவில்லை.

ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் அவள் படம் வந்துவிட்டது. கழுத்தில் வெள்ளிப் பதக்கம், பக்கத்தில் சித்தி. கீழே மாமா எழுதியிருந்தார்: ‘நம் இனத்தின் பெருமை. பெண்கள் சாதிக்கப் பிறந்தவர்கள்.’ நாற்பது கைதட்டல், பதினைந்து இதயம். நானும் ஒரு இதயம் போட்டேன், ‘சோ ப்ரவுட்’ என்று எழுதினேன். மறுநாள் பாயான் பாருவில் ஒரு மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது அவள் கேட்டாள்: “ஏங்க்கா, யாருமே ஸ்கோர் என்னான்னு கேக்கலயே. நா தோத்தேன்லா. எப்படித் தோத்தேன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான். நான் விளையாட்டு நிருபர் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியர். வேலையிலேயே எண்களோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால், ஒரு எண் காணாமல் போனால் எனக்கு உறுத்தும்.

முதலில் ஒரு பழைய எண். 2–1. 1896 ஏப்ரல் 4 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஆர்மரி மண்டபத்தில் ஸ்டான்ஃபோர்டு பெண்கள் பெர்க்லி பெண்களை வென்ற ஸ்கோர் இது. இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் மோதிய முதல் கூடைப்பந்து ஆட்டம். அணிக்கு ஒன்பது பேர். ஆண் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. பெண்கள் ஓடி வியர்ப்பதை ஆண்கள் பார்க்கலாகாது என்பது அந்தக் காலத்து மானம். பத்திரிகைகள் வேறு வழியில்லாமல் பெண் நிருபர்களை அனுப்பின. அவர்கள் போய் ஆட்டத்தைப் பார்த்தார்கள், எழுதினார்கள். அதனால் நூற்று முப்பது வருஷத்துக்குப் பிறகும், உலகத்தின் இன்னொரு மூலையில், பினாங்குத் தீவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த 2–1 தெரிகிறது. நானே அரங்கில் உட்கார்ந்து பார்த்த 47–48 மாமாவின் செய்தியில் இல்லை.

கூடைப்பந்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் கண்டுபிடித்தார். மறு வருஷமே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் உடம்பை உறுதியாக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். அதே சமயம், விதிகளையும் மாற்றினார். மைதானம் மூன்று கட்டங்களாகப் பிரிந்தது. உன் கட்டத்தைத் தாண்டி நீ போகக் கூடாது. எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. அதிகம் ஓடினால் பெண்களுக்கு நரம்புத் தளர்ச்சி வரும், மூர்க்கம் வந்தால் பெண்மை போய்விடும் என்ற பயம். அமெரிக்கப் பெண்கள் ஆளுக்கு ஐந்து பேராக முழு மைதானமும் ஓடி ஆடுவது பொதுவிதியாக 1971 ஆகிவிட்டது. ஐயோவா மாநிலப் பள்ளிகளில் பாதி மைதான ஆட்டம் 1993 வரைக்கும் இருந்தது.

இதே ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய் நெட்பாலாகி, பிரிட்டிஷ்காரர்களோடு மலாயா, சிலோன் பள்ளிகளுக்கெல்லாம் வந்தது. தமிழ்ப்பள்ளியில் நான் ஆடியது இந்த வலைப்பந்துதான். மார்பில் எழுத்து போட்ட துணி. நான் விங் டிஃபென்ஸ். கோல் வட்டத்துக்குள் கால் வைத்தால் விசில். சித்தி மகள் சீனப் பள்ளியில் படித்தாள். அங்கே கூடைப்பந்துதான் உயிர். ஹொக்கியனில் கத்திக்கொண்டே முழு மைதானமும் ஓடுவாள். வலைப்பந்தை மட்டம் தட்டவில்லை. நுணுக்கமான ஆட்டம் அது. ஆனால் நான் நிற்கும் கட்டத்தை எனக்கு முன்னாலேயே யாரோ கோடு போட்டு வைத்திருந்தார்கள் என்று முப்பதை நெருங்கும்போதுதான் தெரிந்தது.

இப்போது கோடுகள் அழிந்துவிட்டன என்று நினைப்போம். மைதானத்தில் அழிந்துவிட்டன. நம் எழுத்தில்?

தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துப் பெண், இலங்கை வலைப்பந்து அணியின் கோல் ஷூட்டர். 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியில் இலங்கை சிங்கப்பூரை 69–50 என்று வென்றபோது ஆடியவர். 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் 348 கோல் போட்டார். அந்தப் போட்டியிலேயே அவர்தான் அதிகம். உங்களுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? ஆறடி பத்தங்குலம். அவ்வளவுதானே? எனக்கும் முதலில் அதுதான் தெரிந்தது. தமிழில் நான் படித்த அத்தனை குறிப்பும் உயரத்தில் ஆரம்பித்து, உயரத்துக்காகப் பட்ட கேலியில் தொடர்ந்து, போர்ச்சூழலில் முடிந்தது. மூன்று பேர் சூழ்ந்து நிற்கும்போது பந்தை எந்த இடத்தில் வாங்கினார், மணிக்கட்டை எப்படித் திருப்பினார் என்று ஒரு வரி கிடையாது. உயரமானவர்கள் உலகத்தில் நிறையப் பேர். உயரம் தானாகக் கோல் போடுமா?

அனிதா பால்துரை. சென்னைக்காரர், சுமார் 18 ஆண்டுகள் இந்தியாவுக்காகக் கூடைப்பந்து ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ. குழந்தை பெற்ற பிறகும் ஆடினார் என்பது எல்லாக் கட்டுரையிலும் தலைப்பு. 2017 ஜூலையில் பெங்களூருவில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்று வென்றது. அந்த அணியில் அனிதா இருந்தார். இரண்டே புள்ளி! தோற்றிருந்தால் முதல் பிரிவுக்கு ஏறியிருக்க முடியாது. அந்தக் கடைசி நிமிடங்களைத் தமிழில் எழுதியவர் யார்? நான் தேடினேன், கிடைக்கவில்லை. ‘தாயான பின்னும் சாதனை’ மட்டும் வேண்டிய அளவு கிடைத்தது. ஓர் ஆண் வீரர் அப்பாவான பின்னும் சிக்ஸர் அடித்தார் என்று நாம் தலைப்பு வைப்பதில்லை.

சினிமாவை எடுங்கள். ‘இறுதிச்சுற்று’, ‘கனா’, ‘பிகில்’. மூன்றையும் தியேட்டரில் விசிலடித்துப் பார்த்தவள் நான். குத்துச்சண்டை, கிரிக்கெட், கால்பந்து. மூன்றிலும் ஆடுவது பெண். மூன்றிலும் ஜெயிக்க வேண்டிய காரணம் ஓர் ஆணிடம் இருக்கிறது: வஞ்சிக்கப்பட்ட பயிற்சியாளர், சிரிப்பை மறந்த விவசாயி அப்பா, அப்பாவின் கனவைச் சுமக்கும் மகன். ஒரு பெண், பக்கத்து டீமை அடிக்க வேண்டும் என்ற வெறியில் மட்டும், வேறு ஒரு புனிதக் காரணமும் இல்லாமல், ஜெயிக்க ஆசைப்படலாம் என்பது நம் கதைக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது.

சினிமாவைத் திட்டுவது நமக்குச் சுலபம். இலக்கியம் என்ன செய்தது? நம் நாட்டுத் தமிழ்க் கதைகளில் நான் படித்த வரைக்கும் பெண்ணுடம்பு ரப்பர் வெட்டும், பிள்ளை பெறும், பசிக்கும், அடி வாங்கும். இந்த இருபது வருஷத்தில் ஆசையும் படும், நல்லது. ஆனால் அது குதித்துப் பார்த்ததில்லை. காற்றில் அரை நொடி நிற்கும் ஒரு பெண்ணை, அந்த அரை நொடியில் அவள் எடுக்கும் முடிவை, யாராவது ஒரு பத்தி எழுதியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், தேடிப் படிக்கிறேன். நமக்குப் பாதிக்கப்பட்டவளை எழுதத் தெரியும், சாதித்தவளைக் கும்பிடத் தெரியும். நடுவில் இருப்பவள், நல்லா ஆடி, ஒரு தப்புப் பண்ணி, ஒரு புள்ளியில் தோற்றவள், அவளை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால் இதயம் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

‘யாரும்மா பாக்குறா? ஆள் பார்த்தால்தானே எழுதுவாங்க’ என்பார்கள். ரொம்பப் பழைய பதில். 2021இல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியின்போது பெண்கள் அணிகளுக்குக் கொடுத்த பயிற்சி அறையில் ஒரே ஒரு அடுக்கு டம்பெல் இருந்தது. ஆண்களுக்கு ஒரு மண்டபம் நிறையக் கருவிகள். ஓரிகான் வீராங்கனை செடோனா பிரின்ஸ் அதைப் படம்பிடித்துப் போட்ட பிறகுதான் நிர்வாகத்துக்கு வெட்கம் வந்தது. ‘மார்ச் மேட்னஸ்’ என்ற புகழ்பெற்ற பெயரையே பெண்கள் போட்டிக்கு 2022 வரை கொடுக்கவில்லை. கொடுத்து இரண்டு வருஷத்தில் என்ன நடந்தது? 2024 ஏப்ரல் 7 அன்று சவுத் கரோலினா ஐயோவாவை 87–75 என்று வென்ற பெண்கள் இறுதியாட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே வருஷம் ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 லட்சம். ஆள் வரும். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஸ்கோரை எழுதி வைத்தால் வரும்.

ஆனால் அந்த வருஷத்தில் எனக்குப் பிடித்தது இறுதியாட்டம் இல்லை. அதற்கு இரண்டு நாள் முந்தின அரையிறுதி. ஐயோவா 71, கனெக்டிகட் 69. கடைசி 3.9 நொடியில் கனெக்டிகட்டின் ஆலியா எட்வர்ட்ஸ் மறைப்புக் கொடுக்கும்போது நகர்ந்தார் என்று நடுவர் ஃபௌல் கொடுத்தார். பந்து கை மாறியது, ஆட்டம் முடிந்தது. அடுத்த நாள் முழுக்கச் சண்டை. அது ஃபௌலா இல்லையா? அந்த நேரத்தில் விசில் ஊதலாமா? முழங்கை வெளியே வந்ததா? ஆட்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார்கள். நான் இங்கே மூன்றாவது ஷிஃப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்து அந்தச் சண்டையை வாசித்துக்கொண்டே வந்தேன். சந்தோஷமாக இருந்தது. ‘பெண்களாக இருந்தும்’ என்று ஒருத்தன் ஆரம்பிக்கவில்லை. அந்தச் சண்டைதான் மரியாதை. ஒரு முழங்கைக்காக ஊரே அடித்துக்கொள்கிறது என்றால், அந்த ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

பாயான் லெப்பாஸில் உட்கார்ந்து இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1972இல் இந்த வயல்வெளி தொழிற்பேட்டையானது. அப்போதிலிருந்து இங்கே நுண்ணோக்கியில் கண் வைத்துக் கம்பி ஒட்டியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். மலாய், சீன, தமிழ்ப் பெண்கள். அவர்களுடைய விரல் வேகத்தை நொடிக்கணக்கில் அளந்தார்கள். மணிக்கு எத்தனை, அதில் பழுது எத்தனை, கழிவறைக்கு எத்தனை நிமிடம். பெண்ணின் கையை அளக்க இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும். அதே கை தனக்காக ஒரு பந்தை எறியும்போது மட்டும், ‘எண் முக்கியமில்ல, கலந்துகிட்டதே பெருசு’ என்கிறோம்.

கலந்துகொள்வது பெரிதில்லையா என்றால், பெரிதுதான். வாராவாரம் பஸ் பிடித்துப் பயிற்சிக்குப் போவதும், வீட்டில் ‘கறுத்துப் போயிடுவ’ என்பதைத் தாங்குவதும் லேசில்லை. அதை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். தடையைத் தாண்டி வந்தாள் என்று எழுதிவிட்டு, வந்த இடத்தில் அவள் என்ன செய்தாள் என்பதைப் பார்க்காமல் திரும்பிவிட்டால், தடைதான் நமக்கு முக்கியம், அவள் இல்லை.

சரி, இனி அந்த ஆட்டம். மூன்றாவது கால்பகுதி முடிவில் எங்கள் பிள்ளையின் அணி ஒன்பது புள்ளி பின்னால். நான்காவதில் முழு மைதான நெருக்கடி கொடுத்தார்கள். இவள் மட்டும் நான்கு முறை பந்தைப் பறித்தாள். பெரன்சன் அம்மையார் கூடாது என்று சொன்ன அதே பறிப்பு. 47–48. ஒன்பது நொடி பாக்கி. பந்து இவள் கையில். இடதுகைக்காரி, எல்லாரும் இடப்பக்கத்தைக் காத்தார்கள், இருந்தும் இடப்பக்கமே நுழைந்தாள். எதிரணியின் உயரமான சென்டர் தன் ஆளை விட்டுவிட்டு இவளைத் தடுக்க வந்தாள். அந்த நொடியில் கூடைக்கு நேர் கீழே இவளுடைய தோழி தனியாக நின்றாள், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. இவள் கொடுக்கவில்லை. தானே எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது.

அது தப்பு. நல்ல ஆட்டக்காரி செய்த பெரிய தப்பு. மேடையில் பேசியவர்கள் எல்லாரும் வெற்றியாளர்களே என்றார்கள். சொந்தக்காரர்கள் ‘பொண்ணா இருந்து இவ்ளோ தூரம் வந்ததே போதும்மா’ என்றார்கள். நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு பரவாயில்லை என்றேன். வெளியே போகும் வழியில் முன்பின் தெரியாத ஒரு சீன அங்கிள் அவளை நிறுத்தி, உள்ளங்கையால் பந்தைக் கீழே தட்டுவதுபோலக் காட்டி, “கேர்ள், யூ மஸ்ட் பாஸ் லா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமாக் கடையில் அவள் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். “அந்த அங்கிள் மட்டுந்தாங்க்கா மேட்ச் பாத்தாரு.”

நானும் அதே அரங்கில்தான் இருந்தேன். தோழி கை நீட்டியதை நானும் பார்த்தேன். சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன். அவளைப் பாவம் என்று நினைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அதனால் அக்காவாகச் சொல்கிறேன்: நீ பாஸ் கொடுத்திருக்க வேண்டும். சென்டர் உன் பக்கம் வந்தபோதே கூடைக்கடியில் ஆள் இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் இதே போட்டி வரும். நான் வருவேன். ஸ்கோரை எழுதி வைப்பேன்.