கடைசியாகத் திறந்தவன்

போன வாரம் எங்கள் வீட்டு ஸ்டீல் பீரோ சாவி காணாமல் போய்விட்டது. "கடைசியா நீங்கதான் திறந்தீங்க" என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் கடைசியாகத் திறந்தவன் நான்தான். ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு (காரணம்: தலைவலி. பொய்யில்லை!) கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரைத் தேடிப் போய், கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

இரண்டே நிமிஷம். ஒரு கம்பியை விட்டு ஏதோ குடைந்தார். பீரோ திறந்துகொண்டது. நான் இத்தனை நாள் எந்த நம்பிக்கையில் அதைப் பூட்டி வைத்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருந்தது.

புதுச் சாவிக்கு அரம் போட்டு ராவிக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. "நாளைக்குப் பத்து மணியா? போலீஸ் வருதுல்ல? அப்போ சரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதீங்க சார். வீட்டுக் கடன் கேஸு. ஆள் பூட்டிட்டுப் போயிருந்தா நம்மளைக் கூப்பிடுவாங்க."

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. கோர்ட்டில் வருஷக்கணக்காக வழக்கு நடத்தாமல் அடமான வீட்டை வங்கியே எடுத்துக்கொள்ள வழி செய்யும் சட்டம் 2002-ல் வந்தது. பெயர் சர்ஃபாசி. கேட்டால் ஏதோ வடக்கத்தி ஸ்வீட் மாதிரி இருக்கும். சாப்பிட்டவர்களுக்குத்தான் ருசி தெரியும். முதலில் 60 நாள் நோட்டீஸ். பணம் வரவில்லையா, கலெக்டரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ மனு. அவர் உத்தரவு போட்டால் ஓர் அதிகாரியோ வக்கீல் கமிஷனரோ வீட்டுக்கு வருவார். (வக்கீலை அனுப்பலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2022-ல் சொல்லிவிட்டது.) கூடவே வங்கி ஆள், போலீஸ், சாட்சி, உள்ளே இருக்கும் சாமானை எல்லாம் பட்டியல் எழுத ஒருவர். இத்தனை பெரிய மனிதர்கள் கூடினாலும் ஒருத்தருக்கும் பூட்டைத் திறக்கத் தெரியாது. அதற்குத்தான் குடைக்குக் கீழேயிருந்து ஒருவர்.

கடன் கொடுத்தவன் பக்கமும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. அது நாம் டெபாசிட் போட்ட காசுதானே?

இந்த வேலையை ஒரு தொழிலாகவே வளர்த்தவன் வெள்ளைக்காரன். அங்கே கரண்ட், கேஸ் எல்லாம் தனியார் கம்பெனி. பாக்கி வைத்தால், 1954-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றைக் காட்டி மாஜிஸ்திரேட்டிடம் வாரண்ட் வாங்கி, வீட்டுக்குள் புகுந்து மீட்டரை மாற்றிவிடலாம். புது மீட்டர் நம்ம செல்போன் மாதிரி: முன்கூட்டியே பணம் போட்டால்தான் அடுப்பு எரியும். கம்பெனி நேரில் போகாது. வசூல் ஏஜென்சிக்குக் கொடுக்கும். ஏஜென்சி பூட்டுத் திறக்கிறவரை அழைத்துக்கொண்டு போகும். அவருக்கும் லாபம்தான். யாராவது சாவியைத் தொலைக்க மாட்டார்களா என்று தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாமே!

2022-ல் மட்டும் 94 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் இப்படி வாரண்டோடு போய் மீட்டர் மாட்டினார்கள். ஒரு கோர்ட்டில் 20 நிமிஷத்தில் 496 வாரண்ட் கொடுத்ததாக அங்கே ஒரு பத்திரிகை எழுதியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு இரண்டரை விநாடி கூட இல்லை. நான் தும்மி முடிக்கவே அதைவிட நேரமாகும்.

2023 பிப்ரவரியில் 'தி டைம்ஸ்' நிருபர் ஒருவர், பிரிட்டிஷ் கேஸ் கம்பெனிக்காக இந்த வேலை பார்த்த அர்வாட்டோ என்ற ஏஜென்சியில் ஆளாகச் சேர்ந்து, கூடவே போய்ப் பார்த்துவிட்டு எழுதினார். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு, உடம்புக்கு முடியாதவர் இருக்கும் வீடு என்று தெரிந்தும் பூட்டைத் திறந்துகொண்டு போயிருக்கிறார்கள். நாடே கொதித்தது. சில நாளில், இந்த வாரண்டுகளை நிறுத்தி வையுங்கள் என்று நீதிபதி எடிஸ் உத்தரவு போட்டார். அதே வருஷம் புது விதிகள் வந்தன: குறைந்தது 10 தடவை தொடர்பு கொள்ள முயல வேண்டும், முன்னாலேயே நேரில் போய் நிலைமையைப் பார்க்க வேண்டும், போகிற ஆள் உடம்பில் கேமராவோ ஒலிப்பதிவுக் கருவியோ மாட்ட வேண்டும், 2 வயசுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் கூடவே கூடாது. 2024-ல் விதிகளுக்கு உட்பட்ட கம்பெனிகள் மறுபடி ஆரம்பித்தன.

நம்ம மின்வாரியத்துக்கு இந்த வம்பே கிடையாது. 2003-ம் வருஷச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸ். பணம் கட்டாவிட்டால் சப்ளை கட். லைன்மேன் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனால் பூட்டாவது, சாவியாவது! பூட்டை உடைக்க அதிகாரம் இருப்பது கரண்ட் திருட்டுக் கேஸில். அதிலும் ஒரு நுணுக்கம்: பொழுது சாய்ந்தபிறகு வீட்டில் சோதனை போட்டால் அங்கே குடியிருக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் கூட இருக்க வேண்டும். (கடைசியாகத் திறந்தவன் அவன்தானே!)

இதையெல்லாம் சாவிக்காரரிடம் சொன்னேன். லண்டன் கதையை அவர் அரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நானும் ரெண்டு மூணு தடவை போயிருக்கேன் சார். வெள்ளிமலை வரைக்கும் மேல ஏறி பீரோ திறந்திருக்கேன். அது கவர்மெண்ட் பீரோ, கவலையில்லை. மலை வளைவுல டிவிஎஸ் 50-தான் அழுதுச்சு. ஆனா வீடுன்னா வேற. போன வருஷம் கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரத்துல ஒரு ஓட்டு வீடு. எல்லாரும் ரோட்டுலயே ஜீப்புகிட்ட நின்னுட்டாங்க. கதவுகிட்ட நான் மட்டும்தான். கொடியில ஸ்கூல் யூனிபார்ம் காயுது. தொட்டுப் பார்த்தேன், ஈரம். காலையில வரைக்கும் ஆள் இருந்த வீடு. ஜன்னல் வழியா பார்த்தா புத்தகப் பை தொங்குது. கூலி வேலைக்குப் போயிருக்காங்க, புள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கு. பரீட்சை நேரம் சார் அது."

"அப்புறம்?"

"உள்தாழ் மாட்டிக்கிச்சு, என்கிட்ட டூல் பத்தாதுன்னு சொன்னேன். ஒரு மணி நேரம் குடைஞ்சேன். அவங்க வாட்ச்சைப் பார்த்தாங்க, போனைப் பார்த்தாங்க, நாளைக்கு வரலாம்னு கிளம்பிட்டாங்க."

"மறுநாள்?"

"நான்தான் போய்த் திறந்தேன். வேற யாரு இருக்கா? பட்டியல் எழுத வந்தவருக்கு வேலையே இல்லை. ஒரு அம்மிக்கல்லும் பழைய காலண்டரும் இருந்துச்சு. ரெண்டு நாளைக்கும் சேர்த்து ஒரு நாள் கூலிதான் குடுத்தாங்க."

சாவியை ஊதித் துடைத்து என்னிடம் நீட்டினார். பூட்டிப் பார்த்தேன், திறந்து பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்:

"நிஜமாகவே அந்தத் தாழ் மாட்டிக்கொண்டதா?"

அவர் அரத்தையும் கம்பியையும் பைக்குள் போட்டார்.

"உங்க பீரோவுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு சார்?"

"ரெண்டு நிமிஷம்."

"அது இதைவிடச் சின்னப் பூட்டு."