உண்மை சொன்னதற்குத் தண்டனையா?

ஒரு தேசத்தில் கொள்ளைநோய் தலைகாட்டினால் அதை உடனே உலகுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. 2005ஆம் ஆண்டில் திருத்தி அமைக்கப்பெற்று, 2007 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகள் இதை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றன. நிலைமையை ஆராய்ந்து, பிற நாடுகளுக்கும் பரவக்கூடிய ஆபத்து என்று கண்ட 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார ஸ்தாபனத்துக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். 196 நாடுகள் இதற்கு இசைந்தன. நல்ல விதிதான், மறுப்பார் இல்லை. ஆனால் விதிக்குப் பணிந்து உண்மையைச் சொன்ன நாட்டுக்குக் கிடைக்கும் பரிசு என்ன?

நம் நாட்டிலேயே நடந்ததைப் பார்ப்போம். 1994 செப்டம்பரில் சூரத் நகரில் நுரையீரல் பிளேக் கண்டது. மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைக் காலி செய்து ரயிலேறினர். இறந்தவர் தொகையோ அறுபதுக்கும் குறைவு. டெட்ராசைக்ளின் மாத்திரைக்கு அடங்கிவிடும் நோய் அது. பயணத் தடை வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லவேயில்லை. கேட்டவர் யார்? வெளிநாட்டு விமானங்கள் பல இந்தியாவுக்கு வருவதை நிறுத்தின. சில நாடுகள் நம் சரக்கையே வாங்க மறுத்தன. உணவுப் பண்டத்தில் ஏறிக்கொண்டு நுரையீரல் பிளேக் கடல் கடக்கும் என்று எந்த மருத்துவ நூல் சொல்கிறதோ, நாம் அறியோம்! நட்டம் நூறு கோடி டாலரைத் தாண்டியது.

அது பழைய விதிகளின் காலம், இப்போது எல்லாம் சீர்பட்டுவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் 2021 நவம்பரை நினைத்துப் பார்க்கட்டும். தென் ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் கொரோனாவின் புதிய திரிபு ஒன்றைக் கண்டறிந்தனர். நவம்பர் 24 அன்று அந்நாடு அதை முறைப்படி அறிவித்தது. இரண்டு நாளில் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் சூட்டும் முன்பே கதவடைப்புத் தொடங்கிவிட்டது. நவம்பர் 29 முதல் தென் ஆப்பிரிக்கா உட்பட அப்பகுதியின் எட்டு நாடுகளிலிருந்து வருவோருக்கு அமெரிக்கா தடை விதித்தது. நெதர்லாந்தில் நவம்பர் 19 அன்றே எடுத்து வைத்த மாதிரியில் இதே திரிபு இருந்தது பின்னால் தெரிய வந்தது. அந்த நாட்டுக்கு அமெரிக்கா அத்தகைய தடை எதையும் விதிக்கவில்லை. கண்டுபிடித்துச் சொன்னவன் குற்றவாளி. தன்னிடம் இருப்பதை அறியாதவன் நல்லவன்! இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற நாட்டு அமைச்சர்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்?

நம் ஊர்ப்பக்கத்தில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அயலார் உள்ளே போகமாட்டார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு அரிசி விற்கமாட்டேன் என்று எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை. அதனால்தான் அந்த வீட்டார் கூச்சமின்றி வேப்பிலை செருகினார்கள். கடையடைப்பு வரும் என்று தெரிந்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் பார்ப்பார்கள். அரசுகளின் சுபாவமும் இதுதான்.

தடை விதிக்கும் நாடு அதற்குரிய விஞ்ஞானக் காரணத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அதே விதிகளின் 43ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவிக்காவிட்டால்? ஒன்றுமில்லை. அபராதமும் இல்லை, ஈடு கொடுக்கும் பொறுப்பும் இல்லை.

பண உதவிக்கு வழி செய்யாமலும் இல்லை. உலக வங்கி 2017இல் கொள்ளைநோய்ப் பத்திரங்களை வெளியிட்டது. அந்தக் காப்பீட்டின் நிபந்தனைதான் விசித்திரமானது. எபோலா நோயென்றால், நோய் தோன்றிய நாட்டில் எத்தனை பேர் இறந்தாலும் போதாது. இரண்டாவது ஒரு நாட்டிலும் 20 பேர் இறந்திருக்க வேண்டும். 2018 முதல் 2020 வரை காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2,200 பேருக்கு மேல் மாண்டனர். எல்லைக்கு வெளியே நோய் பெரிதும் பரவாமல் தடுத்தார்கள். ஆகவே காப்பீட்டுத் தொகை வரவில்லை! பத்திரம் வாங்கியவர்களுக்கு வட்டி மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

கிருமி மாதிரி விஷயத்திலும் இதே கதை. பறவைக் காய்ச்சல் மாதிரிகளைக் கொடுத்துவந்த இந்தோனேசியா, அவற்றைக் கொண்டு ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று தடுப்பூசி தயாரிப்பதை அறிந்து, 2007இல் கையை மூடிக்கொண்டது. அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரியைப் பலர் தூற்றினர். அவர் செய்தது ஆபத்தான காரியம்தான். ஆயினும் அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால் 2011இல் இன்ஃப்ளுவென்சா மாதிரிகளுக்கென்று ஒரு பங்கீட்டு ஏற்பாடு பிறந்திராது. 2025 மே 20 அன்று உலக சுகாதார மகாசபை ஏற்ற கொள்ளைநோய் ஒப்பந்தம் இன்னும் ஒரு படி ஏறியது: ஏற்பாட்டில் சேரும் கம்பெனிகள் உற்பத்தியில் 20 சதவீதம் வரை ஒதுக்க வேண்டும் என்பது இலக்கு, அதில் பாதியாவது நன்கொடை. மாதிரிகளைக் கொடுக்கும் முறையை மட்டும் பின்னால் வகுக்க விட்டுவிட்டார்கள். கஷ்டமான பகுதியே அதுதான்.

இவ்வளவும் பேசும் நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 மார்ச் இறுதியில், நம் வீட்டில் நோய் பெருகியபோது, இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தியது. நம்மை நம்பியிருந்த ஏழை நாடுகள் பல மாதம் காத்திருந்தன. நமக்கு நியாயம் இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் ஒரு நியாயம் இருக்கிறது.

அரசுகள் ஒருநாளும் ஒன்றுபடமாட்டா என்று கைவிரிப்பது எளிது. பனிப்போரின் உச்சத்தில், 1958இல், பெரியம்மையை ஒழிக்கும் யோசனையைக் கொண்டுவந்தது சோவியத் நாடு; பின்னர் அமெரிக்காவும் தோள் கொடுத்தது. 1980இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டது. பகைவர்கள் செய்ததை நண்பர்கள் செய்யலாகாதா?

என் யோசனை இது. பொது நிதி ஒன்று வேண்டும். அது பிணங்களை எண்ணிப் பணம் தரக்கூடாது. நோய் உண்டு என்று அறிவித்து, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் அதை உறுதி செய்த வாரமே தர வேண்டும். காரணம் காட்டாமல் கதவடைக்கும் நாடு அந்த நிதிக்குத் தண்டம் கட்ட வேண்டும். பணத்துக்காக இல்லாத நோயைச் சொல்வார்களே என்பார்கள். ஆய்வுக்கூடம் எதற்கு இருக்கிறது? மேலும், சூரத்தின் நட்டத்தை வலியப்போய் வாங்க எந்த அரசு முன்வரும்? வல்லரசுகளிடம் தண்டம் வசூலிப்பது எப்படி என்பதுதான் மெய்யான சிக்கல். அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. நம் சங்கத்தில் சட்டமும் பொருளாதாரமும் பயிலும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரேனும் எழுதினால் அடுத்த இதழில் ஆசிரியர் இடம் ஒதுக்குவார் என்று நம்புகிறேன்.