வீட்டு மதகு

நீர் இருப்புள்ள ஆண்டுகளில் ஜூன் மாதம் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. திறந்து விட்ட நீர் சில நாட்களில் கல்லணையை அடையும். அங்கே அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரித்து விடப்படும். அவற்றினின்று கிளைக்கும் வாய்க்கால்கள் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளின் வயல்களுக்கு உயிரூட்டும். ஆற்றில் எத்துணை வெள்ளம் வரினும், ஓர் உழவனின் பயிருக்கு அது உதவுவது அவன் வயல் மடையைப் பொறுத்ததேயாகும். மடை தூர்ந்தால் பயிர் காயும், உடைந்தால் அழுகும்.

இம்மாவட்டங்களின் வீடுகளுக்கு இன்று மற்றொரு வாய்க்காலும் வந்துள்ளது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்து வைத்தது. அந்நாளில் நான்கைந்து பெருநகரங்களோடு நின்ற அவ்வசதி, இப்பொழுது கண்ணாடி இழை வடமாகக் கம்பங்களின் மேல் ஓடிச் சிற்றூர்த் தெருக்களையும் எட்டியுள்ளது. வடம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடும். அங்கிருந்து அறைதோறும் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் சிறு பெட்டிக்கு ரூட்டர் என்று பெயர். அறிஞர் அதனைத் திசைவி எனத் தமிழாக்கினர். மக்களோ வைஃபைப் பெட்டி என்றே வழங்குகின்றனர். பெயர் எதுவாயினும் ஆகுக. அது வீட்டின் மதகு என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

பெட்டி வாங்குவோர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றியே. அக்கேள்வி தவறன்று, எனினும், அது முதற்கேள்வி ஆகாது. தஞ்சையின் பழைய வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என நீண்டு கிடக்கும் அவ்வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் மிகவும் தடித்தவை. வடம் வாசற்புறமாக நுழைவதால் பெட்டியையும் வாசலிலேயே மாட்டிவிடுகின்றனர். தெருவில் நிற்போருக்கு இணையம் தடையின்றிக் கிட்டுகிறது. அடுக்களையில் இருப்போருக்குக் கிட்டுவதில்லை! உடனே பெட்டியைப் பழித்து, விலை மிகுந்த வேறொன்றை வாங்குவார் பலர். இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் இருவகை அலைகளைப் பரப்புகின்றன. ஒன்றன் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். மற்றதன் நீளம் அதிற் பாதி. நீண்ட அலை சுவரை ஓரளவு ஊடுருவும். குறுகிய அலை விரைவு மிக்கது, ஆயின் சுவரிடம் எளிதில் தோற்கும். ஆகவே வடத்தைச் சிறிது நீட்டி, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், நனையாத உயரத்தில் பெட்டியை அமைத்தால் வீட்டின் பெரும்பகுதிக்கு அதுவே போதும். இரும்புப் பீரோவின் பின்னே அதனை ஒளித்து வைத்தல் கூடாது. இவ்வளவில் தீரும் குறைக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுதல் வீண்.

முதற்கேள்வி பாதுகாப்பைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். கம்பியில்லா அலைக்கு மதிற்சுவர் எல்லையன்று. அதனைக் காப்பது கடவுச்சொல்லும், செய்தியை மறைபொருளாக்கும் குறியாக்க முறையுமே. 1997ஆம் ஆண்டில் வந்த ‘வெப்’ என்னும் முதல் முறை 2001ஆம் ஆண்டிலேயே முறியடிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் ‘டபிள்யூ.பி.ஏ. 2’ என்பதும், 2018ஆம் ஆண்டில் ‘டபிள்யூ.பி.ஏ. 3’ என்பதும் வந்தன. புதிதாக வாங்குவோர் மூன்றாவதை உடைய பெட்டியையே கேட்டு வாங்குதல் நன்று. இரண்டாவது முறையில், பெட்டியும் கைப்பேசியும் இணையும்பொழுது பரிமாறும் செய்தியை ஒருவன் கவர்ந்து சென்று, தன் வீட்டில் அமர்ந்தபடி கடவுச்சொல்லை ஓயாது ஊகித்துப் பார்க்கலாம். மூன்றாவதில் அதற்கு இடமில்லை.

இவ்வூகத்தின் வலிமையைப் பலர் உணர்வதில்லை. தம் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைப்போர் உளர். பத்து இலக்கம் ஆயிற்றே, யார் கண்டுபிடிப்பார் என்பது அவர்தம் எண்ணம். இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 என்னும் நான்கில் ஒன்றால் தொடங்குவன. ஆதலின், அமையக்கூடிய எண்கள் 400 கோடியே. நொடிக்குப் பத்து இலட்சம் ஊகங்களைச் சோதிக்கும் ஆற்றல் இக்காலத்துக் கணிப்பொறி ஒன்றுக்கு உண்டு. 4,000 நொடிகளில், அஃதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகுந்த பொழுதில், 400 கோடியும் தீர்ந்துபோம். குலதெய்வத்தின் பெயரும் குழந்தையின் பெயரும் இன்னும் எளியவை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிற்கும் எளிது, ஊகிப்பதற்கும் அரிது. 63 எழுத்துவரை இடமிருக்க, எட்டெழுத்தோடு நிற்பானேன்?

‘டபிள்யூ.பி.எஸ்.’ என்றொரு வசதியும் உண்டு. எட்டிலக்க எண் ஒன்றைக் கொண்டு எளிதில் இணைவதற்கு அதனை அமைத்தனர். எட்டிலக்கம் எனின் பத்துக்கோடி வகை என்று தோன்றும். ஆயின் பெட்டி முன்பாதியைத் தனியாகவும் பின்பாதியைத் தனியாகவும் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றினின்று கணக்கிடத் தக்கது. ஆகவே 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதனை அணைத்து வைப்பதே அறிவுடைமை.

இத்துணை எச்சரிக்கை எதற்கு, எளிய குடும்பத்தில் திருடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பாருண்டு. 2008ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அகமதாபாத் நகரில் தொடர்ந்து குண்டுகள் வெடித்து ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர். அதற்குச் சில நிமிடங்கள் முன்னர், தொலைக்காட்சி நிலையங்களுக்கு மின்னஞ்சல் ஒன்று வந்திருந்தது. அது புறப்பட்ட முகவரியைத் தேடிச் சென்ற காவலர் நவி மும்பையில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டை அடைந்தனர். அவருடைய கணிப்பொறிகள் கைப்பற்றப்பட்டன. அவர் பன்முறை விசாரிக்கப்பட்டார். இறுதியில் தெரிந்தது யாது? காப்பில்லாமற் கிடந்த அவர் வீட்டு வைஃபையை வேறொருவர் பயன்படுத்தியிருந்தனர். ஒரு வீட்டில் எத்தனை கருவிகள் இருப்பினும், வெளியுலகிற்கு அவை பெரும்பாலும் ஒரே முகவரியாகவே தோன்றும். மடை வழியே சென்றது யாருடைய நீர் என்று ஆறு சொல்லாது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இவ்வாறு திறந்து கிடக்கும் வைஃபைகளைத் தேடும் முயற்சியில் மும்பைக் காவல்துறையே இறங்க நேர்ந்தது.

பெட்டிக்கே உரிய மற்றொரு கடவுச்சொல்லும் உண்டு. அதன் அமைப்புகளை மாற்றுவதற்கானது அது. வாங்கிய நாளில் இருந்த சொல்லே பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல், ஏறத்தாழ அறுபது இணை பெயர்களையும் கடவுச்சொற்களையும் மட்டுமே வைத்துக்கொண்டு, உலகெங்கும் இலட்சக்கணக்கான படக்கருவிகளையும் வீட்டுப் பெட்டிகளையும் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவை ஒருங்கே தாக்கியதால் அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பல முடங்கின. தீநிரலை இயற்றியவர் இளைஞர் மூவர். 2017ஆம் ஆண்டில் அவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பெட்டிகளின் உரிமையாளர் எவரும் தம் பெட்டி போர்க்கருவியானதை அறிந்திலர். ஆதலின், நிறுவனம் வெளியிடும் மென்பொருள் திருத்தங்கள் தாமே வந்து பொருந்துமாறு பெட்டியை அமைத்தல் இன்றியமையாதது. திருத்தம் நின்றுபோன பழம்பெட்டியை, ஓடுகிறதே என்று வைத்திருப்பது சிக்கனமன்று.

இவ்வளவும் கூறுங்கால், கொடைப் பண்பிற்கு இது மாறாகாதோ என்னும் ஐயம் எழலாம். கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைக்கும் ஊர்கள் இவை. 2020ஆம் ஆண்டில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, அண்டை வீட்டாரின் இணையம் எத்தனையோ மாணவருக்குப் பாடமாயிற்று. அண்டை வீட்டுச் சிறுமி பாடம் கேட்கக் கடவுச்சொல்லைக் கேட்டால் மறுப்பது எங்ஙனம்? மறுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பெட்டிகளில் விருந்தினர்க்கெனத் தனி வலை ஒன்றை அமைக்கலாம். அதற்கு வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் இட்டால், அவ்வழி வருவோர் வீட்டுக் கணிப்பொறிகளை அணுகாதவாறு தடுக்கலாம்; வேண்டாத பொழுது அணைத்தும் வைக்கலாம். எனினும் வெளியுலகிற்கு அதுவும் அவ்வீட்டு முகவரியே. ஆகவே, கொடுத்தவர் யாருக்குக் கொடுத்தோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பெற்றவர் அச்சொல்லைப் பிறருக்கு வழங்காதிருத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவதற்கு ஆடிப்பெருக்கு நாள் ஏற்றது. அன்று மறப்பவர் குறைவு.

பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நன்று. முதற்கடவுச்சொல் பெரும்பாலும் அதிலேதான் அச்சிடப்பட்டிருக்கும். திண்ணைச் சுவரில் மாட்டிய பெட்டியாயின், வழிப்போக்கரும் குனிந்து படிக்கலாம்.