நினைவிருக்கையில் எழுதியது

எங்கள் நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

குடிநீர், சாக்கடை, சொத்துவரி என ஓயாத காரியங்களுக்கு நடுவே தங்கள் மேசைக்கு அபூர்வமாகவே வரக்கூடிய ஒரு விண்ணப்பத்தைப் பகிரங்கமாக எழுதத் துணிந்தேன். முதுமையை எதிர்நோக்கும் இவ்வூர்ப் பிரஜைகள் அனைவருக்கும் உரிய விஷயம் இது என்று கருதுகிறேன்.

மும்பையில் செவிலியராயிருந்த அருணா ஷான்பாக், 1973-இல் கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி, 2015-இல் மரிக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடந்தார். அவர் எதை விரும்பினார் என்று அவர் வாயால் அறிய வழியேயில்லை. அத்தகைய நிலை வருமுன், சித்தம் தெளிவாக இருக்கும்போதே, மீளமுடியாத நோயில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் எழுதிவைக்கும் பத்திரம் செல்லும் என 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஆயின் அப்பத்திரத்தில் மாஜிஸ்திரேட்டின் கையொப்பமும் வேண்டும் என்ற நிபந்தனை, சாமானியருக்கு எட்டாததாயிருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும் என்றும், நகலை உள்ளாட்சி அமைப்பின் அதிகாரி பெற்று, அதைப் பாதுகாக்க ஓர் அலுவலரை நியமிக்கவேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. தங்களை நாடி வந்ததற்குக் காரணம் இந்த இறுதி வாசகமே.

என் மூத்த சகோதரரின் அந்திம நாட்களை நான் கண்ணாரக் கண்டவன். சுவாசக் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று அவருடைய இரு மணிக்கட்டுகளும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு பிணைக்கப்பட்டிருக்க, உணர்வு சிறிது திரும்பும்போதெல்லாம் விரல்கள் மட்டும் போர்வையைச் சுரண்டிக்கொண்டிருந்தன. வெளியே, டயாலிசிஸுக்குச் சம்மதம் கேட்கும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பிள்ளைகள் இருவரும் இரவெல்லாம் விவாதித்தார்கள். மூத்தவனுக்கு, அப்பாவைக் கைவிட்டான் என்ற பழி வந்துவிடுமோ என்ற பயம். இளையவனுக்கு, அவரை வதைக்கிறோமே என்ற வேதனை. இருவருமே பாசமுள்ள பிள்ளைகள். தகப்பனார் தம் கைப்பட நாலு வரி எழுதியிருந்தால், இன்றுவரை அவர்களிடையே நிற்கும் மனஸ்தாபம் நேர்ந்தேயிராது.

ஆகவே நான் என் பத்திரத்தை எழுதி, எனக்காகப் பேச என் மகளையும் மருமகனையும் குறிப்பிட்டு, சான்று பெற்று, நகலை எடுத்துக்கொண்டு தங்கள் அலுவலகத் தபால் பிரிவுக்கு வந்தேன். அங்கிருந்த இளைஞர் அதை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "ஐயா, இது பிறப்பு இறப்புப் பிரிவுக்கா, சொத்துவரிக்கா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். அவர்மீது குறையில்லை, யாரிடம் சேர்க்கவேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

சொத்துக்காகப் பெரியவர்களை வழியனுப்ப இத்தகைய பத்திரம் வாய்ப்பாகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. நம் குடும்பங்களை அறிந்தவர் எவரும் அதை அலட்சியம் செய்யார். அதனால்தான், சிகிச்சை தரும் மருத்துவரோடு குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்கள் கூடி ஆராய்ந்தபின், மாவட்ட மருத்துவத் தலைமை அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெற்ற இரண்டாவது குழுவும் சிகிச்சையை நிறுத்த ஒப்பவேண்டும் என்று நீதிமன்றம் விதித்திருக்கிறது. அக்குழு அனுமதி மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் பத்திரத்தை ரத்து செய்யலாம். விஷ ஊசிக்கு இதில் இடமே இல்லை. வலி தணிக்கும் வைத்தியமும் பராமரிப்பும் கடைசி மூச்சுவரை தொடரும்.

தாங்கள் செய்யவேண்டுவது பெருஞ்செலவுக் காரியமன்று. பொறுப்பு அலுவலர் ஒருவரை ஆணையிட்டு நியமித்து, ஒரு பதிவேடு திறந்து, நகல் தருவோருக்கு எண்ணிட்ட ரசீது வழங்கி, நள்ளிரவிலும் மருத்துவமனை அழைத்து விசாரிக்க ஒரு தொலைபேசி எண்ணை அறிவிக்க வேண்டுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் பணியாளர்கள் வாயிலாக இச்செய்தி படுத்த படுக்கையாயிருப்போரின் குடும்பங்களையும் எட்டலாம்.

என் பத்திரத்தின் நகல் தங்கள் தபால் பிரிவில்தான் இருக்கிறது. அதைப் பெற்றுக் காக்கும் அலுவலரின் பெயரை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்