பனியன் போகலாம், நாங்க போகக்கூடாதா?

திருப்பூரில் நம்ம புள்ளைங்க பிசிறு வெட்டி மடிச்சுக் கொடுத்த பனியன், தூத்துக்குடியில் கப்பல் ஏறி ஐரோப்பா போகிறது. அங்கிருந்து ஆய்வாளர்கள் இங்கே வருகிறார்கள். 'சுமங்கலித் திட்ட'த்தில் நூல்மில் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த தலித் பெண்களிடம் பேட்டி எடுத்துப் போனார்கள். எழுதட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணே அங்கே போய் இதை ஆராய முடியுமா?

அதற்குத்தான் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். நாடு முழுக்க ஆண்டுக்கு 125 இடம், தலித்துகளுக்கு 115. அதிலும் 2022-இல் ஒரு பூட்டுப் போட்டார்கள்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றி ஆராயப் பணம் கிடையாது. அதுக்கெல்லாம் வெளிநாடு எதுக்கு, இங்கேயே படிக்கலாமாம்!

1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் கொலம்பியா போனார். 1916-இல் அங்கே அவர் வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றியது. இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் அவர் விண்ணப்பம் குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும்.

கம்ப்யூட்டர் படி, மருத்துவம் படி, சாதியை மட்டும் தொடாதே என்றால் என்ன அர்த்தம்? எங்களை ஆராய ஊரெல்லாம் ஆள் வரலாம்; உங்களை நாங்கள் ஆராய்ந்தால்தான் வலிக்கிறது.

அந்த விதியை நீக்கு. கேட்பது சலுகை அல்ல.