துரைக்கு எலுமிச்சம்பழம்

டிசம்பர் 31 சாயங்காலம் கனகம்மாசத்திரம் டீக்கடைகளில் பால் பத்தாது. சென்னைப் பக்கமிருந்து திருத்தணிக்குப் போகிற பஜனைக் கோஷ்டிகள் வேனை ஓரங்கட்டிவிட்டு இறங்குவார்கள். ஆர்மோனியம் சீட்டில் உட்கார்ந்திருக்கும், ஆள் நின்றுகொண்டு வருவார். பேரிலேயே சத்திரத்தை வைத்திருக்கிற ஊர். வழிப்போக்கர்களுக்கு ஒரு வாய் சூடாகக் கொடுத்து அனுப்புவது இன்னும் நின்றபாடில்லை.

போன வருஷம் அந்த நேரம் பார்த்து நியூஜெர்சியிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் பந்து இறங்குவதைப் பார்க்க மத்தியானமே போய் நிற்கப் போகிறானாம். “குளிருமேடா” என்றேன். “குளிரட்டும் மாமா, நூறு வருஷத்துப் பழக்கம்” என்றான்.

உண்மைதான். 1904-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை முதலாளி அடால்ஃப் ஓக்ஸ் புதுக் கட்டடத்துக்குக் குடிவந்த ஜோரில் வாணவேடிக்கை விட்டார். பிறகு மாநகராட்சி வெடிக்குத் தடை போட்டது. கூடிப் பழகிய கூட்டத்தை என்ன செய்வது? 1907 டிசம்பர் 31 இரவு, இரும்பும் மரமும் சேர்த்துச் செய்த 700 பவுண்டு உருண்டையில் 100 பல்புகளை மாட்டிக் கம்பத்திலிருந்து இறக்கினார்கள். அதைச் செய்தவர் ஜேக்கப் ஸ்டார் என்கிற, பிழைக்க வந்த இளவயசு உலோகத் தொழிலாளி. 1942-லும் 1943-லும் யுத்த காலத்து விளக்குக் கட்டுப்பாட்டால் பந்து இறங்கவில்லை. ஆனாலும் ஜனம் வந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றுவிட்டுப் போனது. ஓக்ஸ் பேரைப் பத்திரிகைக்காரர்களாவது சொல்வார்கள். ஸ்டார் பேரை அங்கே நிற்கிற பத்து பேரிடம் கேட்டால் ஒருவராவது சொல்வாரா, சந்தேகம்தான்.

நம் திருத்தணி மலையிலும் அதே கதைதான். டிசம்பர் 31 இரவு படிக்குப் படி பாடி ஏறுகிற படித் திருவிழாவுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அதைத் தொடங்கிய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளைத் தெரியும்? 1870-இல் பிறந்தவர். பூர்வாசிரமப் பெயர் அர்த்தநாரி, மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. தீராத வயிற்றுவலியோடு பழநிக்குப் போனவருக்கு வலி தீர்ந்தது, திருப்புகழ் பிடித்துக்கொண்டது. அந்தப் பாட்டுகள் அவர் கைக்கு வந்ததற்குப் பின்னாலும் ஒரு மனிதர் உண்டு. வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்கிற முனிசீப், ஊர் ஊராக ஏட்டுச்சுவடி தேடிப் பதிப்பித்து 1894-இல் முதல் பாகத்தைக் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்தில் ஜனவரி ஒண்ணாந்தேதி என்றால் குமாஸ்தா முதல் மிராசுதார் வரை வெள்ளைக்கார அதிகாரி பங்களா வாசலில் மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் காத்துக் கிடப்பார்கள். துரை எழுந்து வந்து பழத்தை வாங்கிக்கொண்டால் அந்த வருஷம் பிழைத்தது. சுவாமிகளுக்கு இது பொறுக்கவில்லை. துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகை மலைமேல் இருக்கும்போது அவரை முதலில் பார்க்க வேண்டாமா என்று 1917 டிசம்பர் 31 இரவு, அடியார்களைக் கூட்டிக்கொண்டு, படிக்கொரு திருப்புகழ் பாடி மலையேறினார். மொத்தம் 365 படி. ஆள்களைத் திட்டவில்லை, புத்தாண்டு கூடாது என்று மறியல் செய்யவில்லை. எலுமிச்சம்பழம் போகிற திசையை மாற்றினார், அவ்வளவுதான். இதில் ஒரு சமையல்காரரின் சாமர்த்தியம் இருப்பதாக எனக்குத் தோன்றும். பண்டம் அதேதான், பந்தி வேறு.

(சித்திரைதானே நமக்குப் புத்தாண்டு என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்டுவிட்டு அவர்களும் ஏறுகிறார்கள்.)

போன வருஷம் அந்தப் போன் வந்த ராத்திரி நானும் ஒரு கோஷ்டியோடு ஏறினேன். எங்களுக்கு முன்னால் ஓர் ஆயா, இடுப்பில் மஞ்சள் துணிப்பை. ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் தடவுவார், குங்குமம் வைப்பார், கற்பூரத் துண்டைக் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுத்தினாலும் காதில் வாங்கவில்லை. கற்பூரக் கரி படிந்து அவர் விரல் நுனி கறுத்திருந்தது. ஓரிடத்தில் மூச்சு வாங்கச் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா ஆயா, முடியலையா?”

“ஒரு படி ஒரு நாளு நைனா. எண்ணிக்கினே வரேன். இது இருநூத்திப் பத்து. ஆடி மாசம் வந்திச்சில்ல, கிருத்திகைக்குக் குந்திக்கினு போலாம்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 210-ஆம் நாள் ஜூலை 29. அசல் ஆடிதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக் கிருத்திகையை முடித்துக்கொண்டு எழுந்தேன்.

அதற்கப்புறம் அவர் வேகத்துக்கே ஏறினேன். கீழே ஊருக்குள் திடீரென்று வெடிச்சத்தம். சுற்றி நின்றவர்களின் சட்டைப்பையெல்லாம் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. அக்கா மகனிடமிருந்தும் வாழ்த்து வந்திருந்தது. அவனுக்கு இன்னும் மத்தியானம்தான் ஆகியிருக்கும். ஆயா நிமிரவில்லை, அடுத்த படிக்கு மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அப்போது 260-இல் இருந்தோம். புரட்டாசி பிறக்கிற நேரம்.